சி. எஸ். லூயிஸ்

கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ் (நவம்பர் 29, 1898 - நவம்பர் 22, 1963) இன்றைய வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்த ஆங்கில மொழி எழுத்தாளரும் இலக்கிய அறிஞரும் ஆவார். 1950 முதல் 1956 வரை வெளிவந்த ஏழு நார்னியாக் கதை நூல்கள் இவரது புகழ்பெற்ற படைப்புகள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த இவர், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

திருமணம்

லூயிஸ் ஐம்பது வயதைக் கடந்தும் மணம் புரியாது, தமையன் வாரனுடன் வாழ்ந்து வந்தார். அமெரிக்கக் கவிஞரான ஜாய் டேவிட்மன் 1950 இல் இவருடன் கடிதத் தொடர்பு கொண்டார். 1952 இல் இருவரும் ஆக்ஸ்போர்டில் சந்தித்தனர். 1953 இல் ஜாய் தம் இரு மகன்களுடன் இங்கிலாந்தில் குடியேறினார். மறு ஆண்டு கணவரிடமிருந்து மணமுறிவு பெற்றார். அவர் தொடர்ந்து அங்கு வாழ வழிசெய்யும் பொருட்டு, லூயிஸ் ஏப்ரல் 23, 1956 இல் அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இதனை நட்புக்காகச் செய்த உதவியாகவே கருதியதால், இருவரும் தனித்தனி வீடுகளில் வசித்தனர்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஜாயின் தொடை எலும்பு முறிந்தது. சோதனையில் எலும்பில் பரவிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவரை இழக்க நேரும் என்ற நிலையிலேயே லூயிஸ் தம் அன்பின் ஆழத்தை உணர்ந்தார். மார்ச் 21, 1957 இல் மருத்துவமனைப் படுக்கையருகே இவர்களின் கிறித்தவத் திருமணம் நடைபெற்றது. அப்போது லூயிசுக்கு வயது 58.

இறுதிக் காலம்

எதிர்பாராத வகையில் ஜாய் நலம் பெற்று மீண்டும் நடக்கலானார். இருவரும் 1958 இல் அயர்லாந்துக்கும், நோய் திரும்பிய பின்னரும் 1960 இல் கிரேக்கத்துக்கும் பயணம் செய்தனர். ஜூலை 13, 1960 இல் ஜாய் தமது 45 ஆவது வயதில் காலமானார். தம் துயரைப் பதிவு செய்த குறிப்புகளை லூயிஸ் 1961 இல் புனைபெயரில் நூலாக வெளியிட்டார். ஜாயின் மகன்களைத் தம் பொறுப்பில் வளர்த்து வந்த இவர், 1963 இல் ஆக்ஸ்போர்டில் மறைந்தார்.