பேரரசர் ஔரங்கசீப்பும் நம் கடற்கரைக் கோட்டையும்

தேவனாம்பட்டினத்தில் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அது ஆங்கிலேயர் கைக்குச் சென்ற வரலாற்றில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் ஆலம்கீருக்கும் பங்குண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம்.

1618ஆம் ஆண்டு குஜராத்தின் தாஹோதில் ஷாஜஹானுக்கும் மும்தாஜுக்கும் மகனாகப் பிறந்தவர் ஔரங்கசீப். உடன்பிறந்தோரைப் போரில் வென்று 1658இல் அரியணை ஏறினார். தந்தையை ஆக்ரா கோட்டையில் சிறைவைத்தார். தனிவாழ்வில் எளிமையும் பேணுதலும் மிக்கவர். திருக்குர்ஆனைத் தம் கைப்படப் படியெடுத்தார். அவர் ஆணையின்பேரில் மார்க்க அறிஞர்கள் தொகுத்த ஃபதாவா ஆலம்கீரி, ஹனஃபி சட்ட நூல்களுள் இன்றும் பெயர் பெற்றது.

அவரைப் போற்றும்போது மற்றொரு பக்கத்தை நாம் மறைத்தல் நேர்மையாகாது. 1669இல் காசி விசுவநாதர் ஆலயம் இடிக்கப்பட்டது. 1679இல் ஜிஸ்யா வரி மீண்டும் விதிக்கப்பட்டது. வேறு சில ஆலயங்களுக்கு அவர் மானியம் வழங்கியதும் வரலாறே.

1681இல் தக்காணப் போருக்குப் புறப்பட்ட பேரரசர் பின்னர் டெல்லி திரும்பவேயில்லை. 1686இல் பீஜப்பூரும் 1687இல் கோல்கொண்டாவும் வீழ்ந்தன. 1689இல் சம்பாஜி கொல்லப்பட்டபின், அவர் தம்பி ராஜாராம் நமக்கு அண்மையிலுள்ள செஞ்சிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். சுல்பிகார் கான் தலைமையில் முகலாயப் படை அதனை முற்றுகையிட்டது. சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து 1698இல் செஞ்சி வீழ்ந்தபோது, ராஜாராம் தப்பிச் சென்றிருந்தார்.

அந்தப் போர்க்காலத்தில், 1690இல், தேவனாம்பட்டினம் கோட்டையை ராஜாராம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களைக் கம்பெனி தனதாக்கிக் கொண்டது. இரு பேரரசுப் படைகள் ஒரு மலைக்கோட்டைக்காக மோதிக்கொண்டிருக்க, வணிகம் செய்ய வந்தவர்கள் நம் கரையில் காலூன்றினர். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தபோது, அவர்களுக்குத் தலைமையிடமாக உதவியது இக்கோட்டையே.

1707 மார்ச் 3ஆம் நாள் அகமத்நகரில், தம் 88ஆம் வயதில் பேரரசர் மறைந்தார். இறுதி நாட்களில் மகன்களுக்கு எழுதிய கடிதங்களில் தம் பிழைகளை எண்ணி வருந்தினார். குல்தாபாத்தில் மேற்கூரையற்ற எளிய மண்ணறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

தனிமனிதப் பேணுதல் உயர்ந்தது. எனினும் ஆட்சி என்பது எல்லா மக்களையும் குறித்த அமானிதம். ஓயாத போரினால் கருவூலம் வறண்டது, அவருக்குப் பின் பேரரசு தளர்ந்தது. நம் பிள்ளைகளை அக்கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது, அவருடைய நிறைகளையும் குறைகளையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போமாக.