அலிகரை எழுப்பிய சர் சையது அகமது கான்

ரப்பர் தோட்டங்களாக இருந்த நீலாய் இன்று கல்லூரிகளின் ஊர். மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகமான யூசிம் இங்கேதான் இருக்கிறது. இன்டி பல்கலைக்கழகமும் இங்கேயே. பல்கலைக்கழகம் என்றால் கட்டடம் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். கட்டடத்தைக் காசு இருந்தால் எழுப்பிவிடலாம். எழுப்பியவருக்குப் பிறகு அதை யார் நடத்துவது என்பதில்தான் சிரமம் இருக்கிறது. இதற்குச் சர் சையது அகமது கான் அவர்களின் வாழ்க்கையே நல்ல சான்று.

அன்னார் 1817 அக்டோபர் 17-இல் டெல்லியில் பிறந்தார். மொகலாய அரசவையோடு தொடர்புள்ள குடும்பம். தாயார் அஜீஸுன்னிசா அவர்களே முதல் ஆசான். வாலிப வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதித்துறையில் எழுத்தராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து நீதிபதியானார். டெல்லியின் பழங்கட்டடங்களைப் பற்றி 1847-இல் அவர் வெளியிட்ட நூல் புகழ் பெற்றது.

1857-இல் கிளர்ச்சி வெடித்தபோது அவர் பிஜ்னோரில் பணியில் இருந்தார். டெல்லியில் அவருடைய உறவினர்கள் கொல்லப்பட்டனர். மீட்டு வரப்பட்ட தாயார் சிறிது காலத்தில் காலமானார். நாட்டை விட்டே போய்விடலாமா என்று எண்ணும் அளவுக்கு மனம் உடைந்தவர், சமுதாயத்தை இந்த நிலையில் விட்டுப் போகக்கூடாது என்று தங்கிவிட்டார். கல்வி ஒன்றே வழி என்ற முடிவுக்கு வந்தார். முராதாபாத்திலும் காஜிப்பூரிலும் பள்ளிகளைத் தொடங்கினார். 1864-இல் விஞ்ஞான சங்கத்தை நிறுவி, ஆங்கில நூல்களை உருதுவில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தார்.

1869-இல் இரு புதல்வர்களுடன் இங்கிலாந்து சென்றார். இளையவர் சையது மஹ்மூத் கேம்பிரிட்ஜில் படித்தார். மாணவர்கள் ஆசிரியர்களோடு ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் முறை சர் சையதை மிகவும் கவர்ந்தது. 1870-இல் திரும்பியதும் குழு அமைத்து நிதி திரட்டத் தொடங்கினார். சொந்தப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கான திட்டத்தை மஹ்மூத் 1873-இலேயே வரைந்து கொடுத்தார். ஒரு வகுப்புகூடத் தொடங்காத நிலையில் பல்கலைக்கழகத்துக்கே திட்டம் தயாராக இருந்தது.

1875 மே 24-இல் அலிகரில் பள்ளி தொடங்கியது. சர் சையது அப்போது காசியில் பணியில் இருந்ததால், நண்பர் மௌலவி சமீவுல்லாஹ் கான் அன்றாடப் பொறுப்பை ஏற்றார். 1877-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். பணத்துக்காகச் சர் சையது செய்யாத காரியம் இல்லை. நூல்களை விற்றார், மேடையேறிக் கவிதை படித்தும் நிதி கேட்டார். அவருடைய மார்க்க விளக்கங்களை ஏற்காத உலமாக்கள் அவருக்கு எதிராக ஃபத்வா கொடுத்தனர். அதற்கு அவர் கண்ட வழி கவனிக்கத்தக்கது. கல்லூரியின் மார்க்கக் கல்வியை வேறு குழுவிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் அதில் தலையிடாமல் விலகிக்கொண்டார். சுன்னி, ஷியா பிள்ளைகளுக்குத் தனித்தனி ஏற்பாடு இருந்தது. இந்து மாணவர்களும் அங்கே படித்தார்கள். இந்துக்களும் நன்கொடை தந்தார்கள்.

கருத்து வேறுபாட்டை இப்படிச் சமாளித்தவருக்கு, அடுத்த பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் வந்தது. 1889-இல் அறங்காவலர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, மகன் மஹ்மூதை இணைச் செயலாளராக்கித் தமக்குப் பின் அவரே செயலாளர் என்று ஏற்பாடு செய்தார். மஹ்மூத் பெரிய சட்ட அறிஞர், அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி. தகுதியில் குறையில்லை. ஆனாலும் தொடக்கத்திலிருந்து உழைத்த சமீவுல்லாஹ் கான் இதை எதிர்த்தார். சட்டம் நிறைவேறியது, நண்பர் பிரிந்துபோனார்.

1895-இல் இன்னொரு இடி விழுந்தது. நம்பிக்கைக்குரிய தலைமை எழுத்தர் கல்லூரிப் பணத்தில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் கையாடல் செய்திருப்பது தெரியவந்தது. அந்நாளில் அது மலைக்க வைக்கும் தொகை. வியாபாரம் செய்பவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். கணக்கு ஒருவர் கையில், அதைப் பார்க்க வேறு கண் இல்லை. முதியவரின் நேர்மையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தலைவரின் நேர்மை கணக்குத் தணிக்கைக்கு ஈடாகாது.

அந்தக் கவலையோடு 1898 மார்ச் 27-இல் சர் சையது காலமானார். கல்லூரி கடனில் இருந்தது. மாணவர் தொகையும் குறைந்தது. உடல்நலம் குன்றிய மஹ்மூதால் பொறுப்பைத் தாங்க முடியவில்லை. 1899-இல் நவாப் முஹ்சினுல் முல்க் செயலாளரானார். மகனால் முடியாததைத் தோழர்கள் முடித்தார்கள். நினைவு நிதி திரட்டினார்கள். ஆகாகான் முதலியோர் ஊர் ஊராகப் போனார்கள். 1920-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1873-இன் திட்டம் கைகூட 47 ஆண்டுகள் ஆயின. அதன் முதல் வேந்தர் போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் அமைப்பதில் சர் சையது முனையவில்லை; ஆனால் அவருடைய கனவு பலித்தபோது அதன் தலைமையில் ஒரு பெண்மணி இருந்தார்.

தமிழ் பேசும் நமக்கும் இதில் பங்குண்டு. சர் சையது 1886-இல் தொடங்கிய முஸ்லிம் கல்வி மாநாடு 1901-இல் சென்னையில் கூடியது. அதன் பயனாக 1902-இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம்தான் 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியைத் தொடங்கியது.

நம் சங்கத்துக்கு இப்போது ஐம்பது வயது. தோட்டத்திலிருந்து வந்து இதை அமைத்த பெரியவர்களை மலர் வெளியிட்டு வாழ்த்துகிறோம். அது நம் கடமை. அதோடு சர் சையது அவர்களின் வாழ்விலிருந்து இரண்டு காரியங்களை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் கணக்கை வெளியாள் ஒருவர் பார்க்கட்டும். அடுத்த பொறுப்பாளர்களை இன்றே பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்குவோம். அவர் நம் மகனாகவும் இருக்கலாம், அடுத்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். நூறாவது ஆண்டு மலரை எழுதப் போகிறவர்கள் இப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அவர்கள் கையில் கடனில்லாத, கலகமில்லாத ஒரு சங்கத்தைக் கொடுப்போம்.