கை கழுவச் சொன்ன டாக்டர்

பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? எந்த டாக்டரிடம் காட்டுவது?

பிள்ளைப்பேறு நெருங்கும் வீடுகளில் எல்லாம் இந்தப் பேச்சு நடக்கும். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். பிள்ளை பெற்றவர்களைக் கேட்பார்கள். இன்ன டாக்டரம்மா கைராசிக்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனதுக்கு ஒரு தைரியம் பிறந்துவிடும்.

கைராசி என்று ஒன்று உண்டா?

உண்டு என்று 1847-ம் ஆண்டிலே ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். அந்த ராசி எங்கிருந்து வருகிறது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். பல்லாயிரம் தாய்மார்களின் உயிரைக் காக்கும் வழியை உலகத்துக்குச் சொன்னார். உலகம் அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்தது!

அவர்தான் இக்னாஸ் செம்மல்வைஸ்.

மளிகைக் கடைக்காரர் மகன்

ஹங்கேரி நாட்டில் டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் புடா, பெஸ்ட் என்று இரண்டு ஊர்கள் இருந்தன. 1873-ல்தான் அவை சேர்ந்து புடாபெஸ்ட் நகரம் ஆயின. புடாவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்குப் பத்துப் பிள்ளைகள். அவர்களில் ஐந்தாவதாக, 1818-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பிறந்தவர் செம்மல்வைஸ்.

மகன் வக்கீலாக வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். 1837-ல் சட்டம் படிக்க வியன்னாவுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் அவருடைய மனம் வைத்தியத்தின் பக்கம் திரும்பியது. சட்டத்தை விட்டார். 1844-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1846-ம் ஆண்டு ஜூலையில் வியன்னா பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியில், பேராசிரியர் ஜொஹான் கிளைன் என்பவருக்கு உதவி டாக்டராக வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வேலைதான் அவருடைய வாழ்வையே மாற்றியது.

இரண்டு பிரிவுகள்

ஐரோப்பாவிலேயே பெயர் பெற்ற ஆஸ்பத்திரி அது. ஏழைப் பெண்களுக்கும், கணவன் துணை இல்லாத பெண்களுக்கும் அங்கே இலவசமாகப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தையை வளர்க்க வழியில்லாதவர்கள் அதை அரசாங்க அநாதை விடுதியில் விடலாம். பதிலுக்கு, மாணவர்கள் அந்தப் பெண்களைப் பரிசோதித்துப் பாடம் கற்றுக்கொள்வார்கள்.

பிரசவப் பகுதியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. 1840 முதல், முதல் பிரிவில் டாக்டருக்குப் படிக்கும் ஆண்கள் பயிற்சி பெற்றார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சி வேலைக்குப் படிக்கும் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். ஒரு நாள் வருகிறவர்களை முதல் பிரிவில் சேர்ப்பார்கள். மறுநாள் வருகிறவர்கள் இரண்டாம் பிரிவுக்குப் போவார்கள்.

நாளைத்தான் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த நாள் ஒரு பெண்ணின் தலைவிதியையே நிர்ணயித்தது!

1846-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். முதல் பிரிவில் 4,010 பிரசவங்கள் நடந்தன. அதில் 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்கள். இறந்தவர்கள் 105 பேர். அங்கே 100-க்கு 11 பேர் இறந்தார்கள். இங்கே 100-க்கு 3 பேர் கூட இல்லை.

அவர்களைக் கொன்றது பிரசவ ஜன்னி. பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் குளிர் எடுக்கும். காய்ச்சல் கொதிக்கும். வயிறு வீங்கி வலிக்கும். பிறகு சில நாட்களில் உயிர் போய்விடும். பல சமயம் குழந்தையும் தாயின் பின்னாலேயே போய்விடும்.

மண்டியிட்ட பெண்கள்

பெரிய பேராசிரியர்கள் இதை விதி என்று விட்டுவிட்டார்கள். ஆனால் வியன்னா நகரத்து ஏழைப் பெண்கள் அப்படி விடவில்லை. எந்தப் பிரிவில் சாவு அதிகம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. போய் வந்தவர்கள் சொன்னார்கள், கேட்டவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள்.

பிரசவ வலியோடு வந்தவர்கள், தாங்கள் சேர்ந்திருப்பது முதல் பிரிவு என்று அறிந்ததும் கதறினார்கள். கையைப் பிசைந்துகொண்டு மண்டியிட்டார்கள். வேறு எங்காவது போய்விடுகிறோம், விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார்கள். இந்தக் காட்சியை செம்மல்வைஸ் கண்ணாரக் கண்டார். அவர் மனம் பதைத்தது.

வேறு சிலர் இன்னொரு தந்திரம் செய்தார்கள். வெளியிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டு, வரும் வழியில் பிரசவம் ஆகிவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கும் அநாதை விடுதிச் சலுகை உண்டு. இதில் அதிசயம் என்னவென்றால், இப்படி வந்தவர்களுக்குப் பிரசவ ஜன்னி வருவது அபூர்வமாக இருந்தது!

தெருவில் பிள்ளை பெற்றவள் பிழைக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில், படித்த டாக்டர்கள் கையில் பெற்றவள் சாகிறாள். என்ன காரணம்?

ஒவ்வொன்றாகப் பார்த்தார்

கெட்ட காற்றுதான் காரணம் என்றார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே காற்றுதானே என்று செம்மல்வைஸ் நினைத்தார். கூட்ட நெரிசல் என்றார்கள். பெண்கள் முதல் பிரிவுக்கு அஞ்சி ஓடியதால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம்! சாப்பாடு, துணி எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இரண்டாம் பிரிவில் பெண்களை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிரசவம் பார்த்தார்கள். முதல் பிரிவில் மல்லாந்து படுக்க வைத்தார்கள். அதை மாற்றிப் பார்த்தார். பலன் இல்லை.

முதல் பிரிவில், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காக வரும் பாதிரியார் மணி ஒலிக்க ஐந்து அறைகளைக் கடந்து போவார். அந்த மணிச் சத்தம் கேட்டே பெண்கள் நடுங்குவார்கள். பயத்தால் காய்ச்சல் வருகிறதோ? மணி அடிக்காமல் வேறு வழியாக வரும்படி பாதிரியாரைக் கேட்டுக்கொண்டார். அதிலும் பலன் இல்லை.

நண்பரின் சாவு

1847 மார்ச்சில் மனச் சோர்வைப் போக்கிக்கொள்ள அவர் வெனிஸ் நகருக்குப் போய் வந்தார். திரும்பியதும் இடி போன்ற செய்தி காத்திருந்தது. அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா இறந்துவிட்டார்.

கொலெட்ஷ்கா பிணப் பரிசோதனை கற்றுக்கொடுக்கும் பேராசிரியர். பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அந்தச் சிறு காயத்தால் காய்ச்சல் கண்டு மாண்டார். அவர் உடலைப் பரிசோதித்த அறிக்கையை செம்மல்வைஸ் படித்தார். பிரசவ ஜன்னியால் இறந்த பெண்களின் உடலில் தாம் கண்ட அதே அடையாளங்கள்!

அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. கத்தியில் இருந்த பிண விஷம் நண்பரைக் கொன்றது. அதே விஷம்தான் தாய்மார்களையும் கொல்கிறது. அதைக் கொண்டுபோவது யார்?

டாக்டர்கள்! மாணவர்கள்! காலையில் பிணத்தை அறுத்துப் பாடம் படித்த கையோடு பிரசவ அறைக்குப் போகிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிண வாடை கையை விட்டுப் போவதில்லை. மருத்துவச்சி மாணவிகள் பிணத்தைத் தொடுவதில்லை. அவர்களுடைய கைராசியின் ரகசியம் அதுதான்.

இன்னொரு உண்மையும் அவரைச் சுட்டது. காரணம் தேடும் ஆர்வத்தில் தினமும் காலையில் பிணப் பரிசோதனை செய்தவர் அவர். அப்படியானால் எத்தனை பெண்கள் தம் கையாலேயே மாண்டிருப்பார்கள்? அந்தக் கணக்கு கடவுளுக்குத்தான் தெரியும் என்று பின்னாளில் வேதனையோடு எழுதினார். ஆனால் உண்மையை மறைக்கவில்லை.

ஒரு பாத்திரம் மருந்து நீர்

1847 மே மாத நடுவில் பிரசவ அறை வாசலில் ஒரு பாத்திரம் வைத்தார். அதில் குளோரின் கலந்த நீர். விலை அதிகம் என்பதால் பிறகு குளோரின் சுண்ணாம்பு கரைத்த நீரை வைத்தார். நாம் கிணற்றில் போடுகிறோமே, அந்த பிளீச்சிங் பவுடர்தான். பேராசிரியரானாலும் மாணவரானாலும் வாடை போகும் வரை அதில் கை கழுவாமல் உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

ஏப்ரல் மாதத்தில் 312 பிரசவங்களில் 57 பேர் இறந்திருந்தார்கள். ஜூனில் 268 பேரில் இறந்தவர்கள் 6 பேர். ஜூலையில் 250 பேரில் 3 பேர்தான்!

அக்டோபரில் ஒரு சோதனை வந்தது. கருப்பையில் புற்றுநோய் அழுகி வடிந்த ஒரு பெண் முதல் படுக்கையில் இருந்தாள். அவளைப் பரிசோதித்த கையைச் சோப்பில் மட்டும் கழுவிவிட்டு அடுத்தடுத்த பெண்களைப் பார்த்தார்கள். 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். பிணம் மட்டுமல்ல, உயிரோடு இருப்பவரின் அழுகிய புண்ணிலிருந்தும் விஷம் பரவும் என்று தெரிந்தது. அன்று முதல் ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் கை கழுவச் சொன்னார்.

1848-ல் முதல் பிரிவில் 3,556 பிரசவங்களில் 45 சாவுகள்தான். இரண்டு மாதங்களில் ஒரு தாய் கூட இறக்கவில்லை. மண்டியிட்டு அழுத பெண்களுக்கு, இனி அழக் காரணம் இல்லாமல் போயிற்று.

பதவி போயிற்று

உலகம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது வேறு.

டாக்டரின் கை அழுக்கா? பேராசிரியரே நோயைக் கொண்டுவருகிறாரா? பெரிய மனிதர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. கிருமிகளால் நோய் பரவும் என்பதை அப்போது டாக்டர்கள் பொதுவாக ஏற்றிருக்கவில்லை. அந்த விஷம் என்ன என்று கேட்டால் செம்மல்வைஸாலும் விளக்க முடியவில்லை. ஹெப்ரா போன்ற சில நண்பர்கள் அவரை ஆதரித்து எழுதினார்கள். ஆனால் மேலதிகாரி கிளைன் அசையவில்லை. 1849 மார்ச்சில் வேலைக் காலம் முடிந்தபோது நீட்டிப்புக் கிடைக்கவில்லை.

ஜெர்மனியில் கீல் நகரத்துப் பேராசிரியர் மிகாயேலிஸ் அவர் சொன்னதை நம்பினார். நம்பியதே அவருக்கு எமனாயிற்று. தாம் பிரசவம் பார்த்த உறவுப் பெண் ஒருத்தி ஜன்னியால் இறந்தது தம் கையால்தான் என்று உணர்ந்து மனமுடைந்தார். 1848-ல் ரயில் முன் விழுந்து உயிரை விட்டார்.

1850-ல் செம்மல்வைஸ் மனம் கசந்து, யாரிடமும் சொல்லாமல் பெஸ்ட் நகருக்குத் திரும்பினார். அங்கே ரோகுஸ் ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியில் சம்பளம் இல்லாத பதவியை ஏற்றார். ஆறு வருஷத்தில் 933 பிரசவங்கள். இறந்தவர்கள் 8 பேர்தான்! 1855-ல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1857-ல் மணம் செய்துகொண்டார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. அவற்றில் இரண்டு பச்சிளம் பருவத்திலேயே இறந்தன.

அவரிடமும் குறை உண்டு. தம் கண்டுபிடிப்பைப் புத்தகமாக எழுத 14 வருஷம் தாமதித்தார். 1861-ல்தான் புத்தகம் வந்தது. அது எடுபடவில்லை. ஆத்திரம் அடைந்தார். தம்மை ஏற்காத பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் சாடினார். இருந்த நண்பர்களும் விலகினார்கள்.

பரிதாப முடிவு

1865-ல் அவருடைய புத்தி தடுமாறத் தொடங்கியது. ஜூலை மாத இறுதியில் ஒரு புது ஆஸ்பத்திரியைப் பார்க்கலாம் என்று சொல்லி அவரை வியன்னாவுக்கு அழைத்துப் போனார்கள். போய்ச் சேர்ந்த இடம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி! தப்பிக்கப் பார்த்தவரைக் காவலாட்கள் அடித்தார்கள். இருட்டறையில் அடைத்தார்கள். உடம்பில் இருந்த புண் அழுகி விஷம் ரத்தத்தில் கலந்தது. ஆகஸ்ட் 13-ந் தேதி இறந்தார். வயது 47.

எந்த விஷத்திலிருந்து தாய்மார்களைக் காப்பாற்றினாரோ, அதே விஷம் அவரைக் கொண்டுபோயிற்று.

இரண்டே வருஷத்தில், 1867-ல், இங்கிலாந்து டாக்டர் லிஸ்டர் புண்ணில் விஷம் ஏறாமல் ஆபரேஷன் செய்யும் முறையை வெளியிட்டார். 1879-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் பிரசவ ஜன்னிக் கிருமியைக் காட்டினார். செம்மல்வைஸ் சொன்னது உண்மை என்று அப்போது உலகம் ஒப்புக்கொண்டது. 1964-ல் அவருடைய எலும்புகளை, அவர் பிறந்த வீட்டுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இன்று அது வைத்தியப் பொருட்காட்சி சாலை. 1969-ல் புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள்.

காரணம் கண்டவர் செம்மல்வைஸ். ஆனால் அந்த முதல் பிரிவு ஆபத்து என்று அவருக்கு முன்பே கண்டவர்கள் ஏழைத் தாய்மார்கள். அவர்கள் அழுகையை மற்ற டாக்டர்கள் பெண்களின் பயம் என்று தள்ளினார்கள். அவர் மட்டும் அதில் ஏதோ உண்மை இருக்கிறது என்று தேடினார்.

ஆகவே, பிரசவத்துக்கு டாக்டர் தேடும் தாய்மார்கள் நாலு பேரைக் கேட்பதில் தவறே இல்லை. நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள். உங்களைத் தொடும் முன் கை கழுவுகிறாரா என்றும் பாருங்கள். கழுவாவிட்டால், கழுவும்படி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். குழந்தையைக் கொஞ்ச வரும் பாட்டியிடமும் அத்தையிடமும் அதையே சொல்லுங்கள்.