புதுக்கோட்டை தந்த பெண் டாக்டர்

ஆண் பிள்ளைகள் படித்து வந்த கல்லூரி அது. அங்கே ஒரு பெண் படிக்க வந்தார். ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது.

அந்தப் பெண்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். அங்கே 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர். தாயார் சந்திரம்மாள்.

மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று பலர் சொன்னார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் கேட்கவில்லை. முத்துலட்சுமிக்கு இடம் கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அந்தக் காலத்தில் பெண்கள் தங்கள் உடல் நோயை ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசினார்கள். நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெண் டாக்டர் ஒருவர் வந்தது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

தங்கையின் மரணம்

அம்மையாரின் தங்கைக்கு நோய் வந்தது. வயிற்றுக்கடுப்பு என்று எண்ணி வைத்தியம் செய்தார்கள். உண்மையில் அது புற்று நோய். தெரிந்தபோது காலம் கடந்து விட்டது. இளம் வயதிலேயே தங்கை இறந்தார்.

அந்தத் துயரம் அம்மையாரின் மனதை விட்டு அகலவே இல்லை. புற்று நோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்ட உறுதி கொண்டார்.

1925-ல் இங்கிலாந்து சென்று, பெண்கள், குழந்தைகள் நோய் பற்றி மேல் படிப்பு படித்தார். திரும்பி வந்து சென்னை சட்டசபையில் உறுப்பினர் ஆனார். துணைத் தலைவராகவும் இருந்தார். பெண்ணின் திருமண வயதை உயர்த்தவும், தேவதாசி முறையை ஒழிக்கவும் பாடுபட்டார்.

ஆஸ்பத்திரிக்காகப் பல ஆண்டுகள் அலைந்து பணம் திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி 12 படுக்கைகளுடன் தொடங்கியது. இன்று அது நாடறிந்த பெரிய ஆஸ்பத்திரி.

1956-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ந் தேதி காலமானார்.

மாத்திரையும் புற்று நோயும்

அம்மையாரின் கடைசிக் காலத்தில்தான் கருத்தடை மாத்திரை உலகுக்கு வந்தது. 1960-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளில் "மாலா-என்" என்ற மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது.

அம்மையார் எதிர்த்துப் போராடிய புற்று நோய்க்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பு உண்டு. அதில் நன்மையும் இருக்கிறது, தீமையும் இருக்கிறது.

மாத்திரை சாப்பிடும்போது சினைப்பையில் முட்டை உருவாவது நிற்கிறது. கருப்பையின் உள் சவ்வு தடிப்பதில்லை. அதனால் சினைப்பைப் புற்று நோயும், கருப்பை உள் சவ்வில் வரும் புற்று நோயும் வரும் வாய்ப்பு 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பல ஆண்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கும்.

மாதவிலக்கு வலி குறையும். அதிக உதிரப் போக்கும், அதனால் வரும் ரத்த சோகையும் குறையும்.

ஆனால் மாத்திரை சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்று நோய் வரும் வாய்ப்பு சிறிது கூடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சாப்பிட்டால் கருப்பை வாய்ப் புற்று நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. நிறுத்தினால் இரண்டும் நாளடைவில் குறையும்.

இன்னொரு ஆபத்து, ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது. பத்தாயிரம் பெண்களில் சிலருக்கே இது வரும். ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள், மார்பகப் புற்று நோய் வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கண்ணில் ஒளி மின்னி ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், கைக் குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. புகை பிடிக்கும் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது ஆகாது.

மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கெண்டைக் காலில் வீக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கடும் தலைவலி, திடீர்ப் பார்வை மங்கல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கக் கூடாது. ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கணவரும் கூடப் போவது நல்லது.

நோயை மறைத்தால் அது முற்றி விடும். நேரத்தில் சொன்னால் உயிர் பிழைக்கலாம். தங்கையைப் பறிகொடுத்த முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.