கேட்காத பாட்டுக்கு ஒரு லட்சத்து 87 ஆயிரம் டாலர்!
கச்சேரி நடத்திக் கொடி கட்டிப் பறந்த பார்னம்

1850-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

நியூயார்க் துறைமுகத்தில் கூட்டமென்றால் கூட்டம், அப்படியொரு கூட்டம்! முப்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டு நின்றார்கள். ஒரு கப்பல் வந்தது. அதிலிருந்து 29 வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். வந்தது ராணி அல்ல, பாடகி. சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஜென்னி லிண்ட்.

அந்தப் பெண்ணின் பாட்டை அந்தக் கூட்டத்தில் அநேகமாக ஒருவரும் கேட்டதில்லை. எட்டு மாதத்துக்கு முன்பு அவள் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. அப்படியானால் இத்தனை பேரை அங்கே இழுத்து வந்தது யார்?

அவர்தான் பார்னம்.

கிழவியின் வயது

பார்னம் 1810-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி அமெரிக்காவில் பெத்தேல் என்ற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயதிலேயே லாட்டரிச் சீட்டு விற்றார். 15 வயதில் தந்தையை இழந்தார். கடையில் வேலை பார்த்தார். பிறகு சொந்தக் கடை வைத்தார்.

1835-ல் அவர் இறங்கிய முதல் காட்சித் தொழில் நல்ல தொழில் அல்ல. ஜாய்ஸ் ஹெத் என்ற கறுப்பினக் கிழவியை அவர் ஊர் ஊராகக் காட்டிப் பணம் வாங்கினார். பாவம், அவள் ஓர் அடிமை; பார்வை இல்லாதவள். அவளுக்கு 161 வயது என்றும், ஜார்ஜ் வாஷிங்டனைக் குழந்தையில் வளர்த்தவள் என்றும் விளம்பரம் செய்தார். அவள் இறந்த பிறகும் விடவில்லை. பிணப் பரிசோதனைக்கும் டிக்கெட் விற்றார்! பரிசோதித்த டாக்டர், வயது 80-க்கு மேல் இருக்காது என்று சொல்லிவிட்டார்.

பின்னால் பார்னம் நியூயார்க்கில் பெரிய காட்சிச் சாலை நடத்தினார். குள்ளச் சிறுவன் ஒருவனுக்கு டாம் தம் என்று பெயரிட்டு, 1844-ல் விக்டோரியா ராணியின் அரண்மனை வரையில் கொண்டுபோனார். பணம் குவிந்தது. ஆனால் எத்தன், ஏமாற்றுக்காரன் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்குப் பொய்யே கலக்காத ஒரு சரக்கு வேண்டும். ஐரோப்பாவையே மயக்கிக்கொண்டிருந்த ஜென்னி லிண்டை அழைத்து வருவது என்று முடிவு செய்தார்.

வீட்டுப் படம் செய்த வேலை

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுடைய பாட்டைப் பார்னமும் கேட்டது கிடையாது!

ஆள் அனுப்பி ஒப்பந்தம் பேசினார். 150 கச்சேரிகள். கச்சேரிக்கு ஆயிரம் டாலர். உடன்வரும் வாத்தியக்குழுத் தலைவருக்கும் இன்னொரு பாடகருக்கும் தனிச் சம்பளம். சாப்பாடு, வண்டி, வேலைக்காரர் செலவு எல்லாம் பார்னம் தலையில். அதோடு, ஒரு லட்சத்து 87 ஆயிரத்து 500 டாலரை லண்டனில் முன்னதாகக் கட்டிவிட வேண்டும்.

பாங்கிக்காரர்கள் சிரித்தார்கள். கடன் கிடைக்கவில்லை. பார்னம் தம் கைவசமிருந்த பத்திரங்களையெல்லாம் பணமாக்கினார். கடைசியில் 5 ஆயிரம் டாலர் குறைந்தது. ஒரு பாதிரியார் கொடுத்து உதவினார். கச்சேரி தோற்றால் பார்னம் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஜென்னி எப்படிச் சம்மதித்தாள்? பார்னத்தின் கடிதத் தாளில் அவருடைய மாளிகையின் படம் அச்சாகியிருந்தது. இவ்வளவு பெரிய வீடு கட்டியவர் வெறும் ஊர்சுற்றியாக இருக்க மாட்டார் என்று அவளுக்கு நம்பிக்கை வந்ததாம்!

ரெயிலில் விழுந்த இடி

ஒப்பந்தம் முடிந்த செய்தி வந்தது. பார்னம் நியூயார்க் போகும் ரெயிலில் இருந்தார். தமக்குத் தெரிந்த ரெயில் கண்டக்டரிடம் ஜென்னி லிண்ட் வரப்போவதைப் பெருமையாகச் சொன்னார். அவள் நாட்டியக்காரியா என்று கண்டக்டர் கேட்டுவிட்டார்.

பார்னத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெயில்காரருக்கே தெரியவில்லையென்றால் ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? அன்றே வேலையை ஆரம்பித்தார்.

பத்திரிகைகளுக்கு அவள் வாழ்க்கை வரலாறு போயிற்று. அவள் செய்யும் தான தருமங்கள் செய்தியாக வந்தன. அவள் அமெரிக்காவில் பாடுவதற்கு ஒரு பாட்டு எழுதுபவருக்கு 200 டாலர் பரிசு என்று அறிவித்தார். நூற்றுக்கணக்கான கவிஞர்கள் எழுதிக் குவித்தார்கள். பரிசு ஒருவருக்குத்தான், ஆனால் பேச்சு ஊரெல்லாம் நடந்தது!

முதல் கச்சேரி டிக்கெட்டுகளை ஏலம் விட்டார். முதல் டிக்கெட்டை ஜெனின் என்ற தொப்பிக்கடைக்காரர் 225 டாலருக்கு எடுத்தார். ஜெனினுக்குப் பைத்தியமா? இல்லை. மறுநாள் அவர் பெயர் பத்திரிகைகளில் வந்தது. தொப்பி வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. அடுத்துப் பாஸ்டன் நகரில் முதல் டிக்கெட் 625 டாலருக்குப் போனது.

நான்கு நிற விளக்குகள்

கூட்டத்தை வரவழைப்பது ஒரு பாதி. வந்த கூட்டத்தை அலுங்காமல் உட்காரவைப்பது மறு பாதி. திருவிழாக் கூட்டத்தில் நசுங்கியவர்களுக்கு இது புரியும்.

செப்டம்பர் 11-ந் தேதி கச்சேரி. இடம், காசில் கார்டன் என்ற பெரிய மண்டபம். பார்னம் மண்டபத்தை நான்கு பகுதியாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிற விளக்கு. டிக்கெட்டும் அதே நிறம். வழிகாட்ட நூறு பேரை நிறுத்தினார். அவர்கள் கையிலிருந்த கோலில் கட்டிய நாடாவும் அதே நிறம். படிக்கத் தெரியாதவர்கூடத் தம் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்!

கச்சேரி இரவு 8 மணிக்கு. கதவை 5 மணிக்கே திறந்துவிட்டார். ஐயாயிரம் பேர், தள்ளுமுள்ளு இல்லாமல் உட்கார்ந்தார்கள்.

ஜென்னி மேடைக்கு வந்தாள். முதலில் குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு குரல் எழுந்தது. பாட்டு முடிவதற்குள்ளேயே கைதட்டல் அதை மூழ்கடித்துவிட்டது. பார்னத்தின் மூச்சு அப்போதுதான் திரும்பி வந்திருக்கும். அன்று வசூல் 17 ஆயிரம் டாலருக்கு மேல்.

அவர் இன்னொன்றும் செய்தார். அந்தக் கச்சேரிக்கு முன்பே, அவள் கேளாமலே, லாபத்தில் பங்கு தருவதாக ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார். ஜென்னியோ 10 ஆயிரம் டாலரை அந்த ஊர்த் தரும ஸ்தாபனங்களுக்கே கொடுத்துவிட்டாள்.

பிறகு ஊர் ஊராகப் பயணம். ஹவானா, நியூ ஆர்லியன்ஸ் வரையில் போனார்கள். ஜனங்கள் மொய்த்துக்கொண்டால், பார்னம் தம் மகளுக்கு முகத்திரை போட்டு முன்னால் அழைத்துப்போவார். கூட்டம் அவள் பின்னால் ஓடும். பாடகி நிம்மதியாக இறங்கிப் போவாள்!

ஆனால் இந்தக் கூச்சலும் விளம்பரமும் ஜென்னிக்கு அலுத்துவிட்டன. 1851 ஜூன் மாதத்தில், நூறு கச்சேரி முடியும் முன்பே, நஷ்ட ஈடு கொடுத்துவிட்டு விலகிக்கொண்டாள். சண்டை இல்லை. மொத்த வசூல் 7 லட்சத்து 12 ஆயிரம் டாலர். அதில் அவளுக்குக் கிடைத்தது 1 லட்சத்து 76 ஆயிரம்.

தீயும் கடனும்

கச்சேரி நடத்தத் தெரிந்தவருக்குக் கடிகார வியாபாரம் தெரியவில்லை. ஒரு கடிகாரக் கம்பெனிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, 1856-ல் திவாலானார். மேடை மேடையாகப் பேசிக் கடனை அடைத்தார். 1865-ல் காட்சிச் சாலை எரிந்தது. மறுபடி கட்டினார். 1868-ல் அதுவும் எரிந்தது. அறுபது வயதில் சர்க்கஸ் தொடங்கினார்! ஜம்போ என்ற பிரம்மாண்டமான யானையை லண்டனிலிருந்து 1882-ல் வாங்கி வந்ததும் இவர்தான்.

1891 மார்ச் மாதம் அவர் படுக்கையில் கிடந்தார். தாம் இறந்த பிறகு பத்திரிகைகள் என்ன எழுதும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. நியூயார்க் பத்திரிகை ஒன்று, அவர் சம்மதத்துடன், மரணச் செய்தியை முன்கூட்டியே அச்சிட்டது. நாலு பத்தி! பார்னம் அதைப் படித்துப் பார்த்தார்.

ஏப்ரல் 7-ந் தேதி, தம் 80-வது வயதில், அவர் காலமானார்.