ஜெரி குவாரி: கண்ணுக்குத் தெரிந்த காயமும் தெரியாத காயமும்

1970 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மொஹமட் அலி மறுபடியும் குத்துச்சண்டை மேடையேறினார். வியட்நாம் போருக்குப் படையாளாகப் போக மறுத்த குற்றத்துக்காக அவரது பட்டத்தையும் அனுமதிப்பத்திரத்தையும் பறித்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. சண்டை மூன்றே சுற்றுகளில் முடிந்தது. எதிராளியின் இடது கண்ணுக்கு மேலே தோல் பிளந்து இரத்தம் கொட்டியது. சண்டை நிறுத்தப்பட்டது. உலகம் அந்த இரவை அலியின் மீள்வருகை என்று நினைவில் வைத்திருக்கிறது.

நிறுத்தியதை ஏற்க முடியாமல் ஆத்திரப்பட்டு நின்ற அந்த எதிராளியின் பெயர் ஜெரி குவாரி. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. அலியைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு எழுதத் தோன்றுவது இந்த மனிதரைப் பற்றி. கண்ணுக்கு மேல் கிழிந்த தோலைத் தைத்து ஆற்றினார்கள். அதே மனிதரின் மண்டைக்குள் நடந்துகொண்டிருந்ததை அப்போது ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அவரது மீதி வாழ்க்கையைத் தீர்மானித்தது அதுதான்.

குவாரி 1945 மே 15ஆம் திகதி கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்ட் நகரில் பிறந்தார். 1930களில் ஒக்லஹோமாவிலும் ரெக்சாசிலும் வறட்சியும் புழுதிப் புயலும் நிலத்தை அழித்தபோது, ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவின் தோட்டங்களுக்கு இடம்பெயர்ந்தன. குவாரியின் குடும்பமும் அந்த மக்களைச் சேர்ந்தது. தகப்பன் ஜக் குவாரி தன் விரல் கணுக்களில் ஒரு கையில் கடினம் என்றும் மறு கையில் அதிர்ஷ்டம் என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் பச்சை குத்தியிருந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து வாசித்தால் துரதிர்ஷ்டம் என்று வரும். அந்த மனிதர் தன் பிள்ளைகளின் கைகளில் சின்ன வயதிலேயே குத்துச்சண்டைக் கையுறைகளை மாட்டிவிட்டார். அவர் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த பாடம் ஒன்றுதான்: இந்தக் குடும்பத்தில் பிறந்தவன் பின்வாங்க மாட்டான்.

ஜெரி அந்தப் பாடத்தை முழுமையாகப் படித்துக்கொண்டார். பேருந்துகளுக்கு டயர் மாற்றும் வேலை செய்துகொண்டே பயிற்சி எடுத்தார். 1965இல் கோல்டன் குளோவ்ஸ் தேசியப் போட்டியில் அதிபாரப் பிரிவில் வென்றார். அந்தப் போட்டியில் ஐந்து எதிராளிகளையும் நொக் அவுட் முறையில் வீழ்த்தினார். அதே ஆண்டு தொழில்முறைக் குத்துச்சண்டைக்குள் நுழைந்தார்.

அதிபாரப் பிரிவுக்கு அவர் சிறிய உடம்புக்காரர். எடை பெரும்பாலும் 200 இறாத்தலை எட்டாது. எதிரே வந்தவர்கள் அவரைவிட உயரமானவர்கள், கை நீளமானவர்கள். எதிராளி வரும்வரை காத்திருந்து திருப்பி அடிப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் அடிபட்டவுடன் அந்தக் கெட்டித்தனத்தை மறந்து நேருக்கு நேர் நின்று அடிவாங்கி அடிகொடுப்பார். பழைய சண்டைகளின் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு இது திரும்பத் திரும்பத் தெரிகிறது. அரங்கம் எழுந்து நின்று ஆரவாரிப்பதும் அந்த நேரங்களில்தான்.

அலியிடமிருந்து பறித்த பட்டத்துக்கு ஆள் தேட உலகக் குத்துச்சண்டைச் சங்கம் போட்டியொன்றை நடத்தியது. முன்னாள் சம்பியன் புளொய்ட் பற்றர்சனையும் தட் ஸ்பென்சரையும் வென்ற குவாரி, 1968 ஏப்ரலில் இறுதிச் சண்டையில் ஜிம்மி எல்லிசிடம் 15 சுற்றுகளின் முடிவில் புள்ளிகளால் தோற்றார். அடுத்த ஆண்டு யூனில் நியூயோர்க்கில் ஜோ பிரேசியரோடு மோதினார். ஏழு சுற்றுகள் இருவரும் நகராமல் நின்று குத்திக்கொண்டார்கள். குவாரியின் கண்ணருகே வெட்டுக்காயம் மோசமானதால் சண்டை நிறுத்தப்பட்டது. ரிங் சஞ்சிகை அதை அந்த ஆண்டின் சிறந்த சண்டையாகத் தெரிவு செய்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் அட்லாண்டா.

கறுப்பின வீரர்கள் கோலோச்சிய பிரிவில் அவர் வெள்ளையர். அதனால் வெள்ளை இனத்தின் நம்பிக்கை என்று சொல்லிச் சொல்லியே அவரது சண்டைகளுக்கு நுழைவுச்சீட்டு விற்றார்கள். 1972 யூன் 27ஆம் திகதி லாஸ் வேகாசில் ஒரே இரவில் இரண்டு சகோதரர்களையும் மேடையேற்றினார்கள். முதலில் தம்பி மைக், லைட் ஹெவிவெயிட் சம்பியன் பொப் பொஸ்டருக்கு எதிராக. நான்காவது சுற்றில் பொஸ்டரின் இடதுகை அடி ஒன்றில் மைக் சாய்ந்தார். விழுந்தவர் நெடுநேரம் அசையவில்லை. அதன் பிறகு அண்ணன் ஜெரி அதே மேடையில் அலியைச் சந்திக்க வேண்டும். சந்தித்தார். ஏழாவது சுற்றில், இனிப் போதும் என்று நடுவருக்குச் சைகை காட்டியவர் அலிதான்.

1973 அவருக்கு நல்ல ஆண்டு. ரொன் லைலைத் தோற்கடித்தார். பயங்கரமான வலதுகைக்காரர் என்று பெயரெடுத்த ஏர்னி ஷேவர்சை முதலாவது சுற்றிலேயே வீழ்த்தினார். ஆனால் 1974 யூனில் பிரேசியரோடு நடந்த இரண்டாவது சண்டையில் ஐந்தாவது சுற்று வரை அடிவாங்கினார். அன்றைய நடுவர் முன்னாள் உலகச் சம்பியன் ஜோ லூயிஸ். சண்டையை முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும் என்ற விமர்சனம் அவர் மீது எழுந்தது. 1975 மார்ச்சில் கென் நோர்ட்டனும் ஐந்து சுற்றுகளில் அவரை முடித்தார்.

1969இலும் 1970இலும் காயத்தைக் காட்டிச் சண்டையை நிறுத்தியதைக் குவாரி அநியாயமாகவே உணர்ந்தார். எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. அந்த இரண்டு இரவுகளிலும் இரத்தம் வெளியே வந்தது. அதனால் வைத்தியரோ நடுவரோ குறுக்கே வர முடிந்தது. மூளை அப்படி வெளியே காட்டாது. மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மிருதுவான உறுப்பு அது. தலை திடீரெனத் திரும்பும்போது மூளை உள்ளே குலுங்குகிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன. ஒவ்வொரு அடியிலும் மயங்கி விழத் தேவையில்லை. பயிற்சிக்கூடத்தில் வாங்கும் சின்ன அடிகளும் சேர்ந்துகொண்டே போகும். ஆண்டுகள் கழித்துத்தான் மறதியும் தடுமாற்றமும் நாக்குழறலும் வெளியே வரும். அமெரிக்க நோயியல் நிபுணர் ஹரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே குத்துச்சண்டை வீரர்களிடம் காணும் இந்த நிலையை வைத்தியச் சஞ்சிகையில் விவரித்துவிட்டார். குவாரி பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே.

1983இல் ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட் சஞ்சிகை குத்துச்சண்டையால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. அதற்காகப் பரிசோதனைக்குச் சம்மதித்தவர்களில் குவாரியும் ஒருவர். அப்போது அவருக்கு 37 வயது. வெளிப்பார்வைக்கு அவர் நன்றாகப் பேசினார், சிரித்தார். ஆனால் மூளையின் ஊடுகதிர்ப் படமும் ஞாபகசக்தியை அளக்கும் சோதனைகளும் பாதிப்பைக் காட்டின. முடிவுகள் ஏப்ரலில் அச்சில் வந்தன. அதே ஆண்டின் பிற்பகுதியில் குவாரி இரண்டு முறை மேடையேறினார். இரண்டிலும் வென்றார்.

ஏன் ஏறினார்? தன் சண்டைகளில் இருபது இலட்சம் டொலருக்கு மேல் சம்பாதித்தவர் அவர். அந்தப் பணம் நிற்கவில்லை. திருமணங்கள் முறிந்தன. மதுவும் போதைப்பொருளும் அவரைப் பிடித்திருந்த காலங்களும் உண்டு. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். சின்ன வயதில் தகப்பன் சொன்ன பாடமும் மனதிலிருந்து போகவில்லை. எதையும் சரியாக எடைபோட முடியாமல் ஆவதும் அந்த நோயின் ஒரு பகுதி. இத்தனைக்கும் நடுவில் அவரது சம்மதத்தை எவ்வளவு தூரம் சம்மதம் என்று சொல்லலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசிச் சண்டை 1992 ஒக்டோபர் 30ஆம் திகதி கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில் நடந்தது. அவருக்கு 47 வயது. அப்போது கொலராடோவில் குத்துச்சண்டையைக் கண்காணிக்க ஆணைக்குழுவே கிடையாது. அனுமதி மறுக்க அங்கே ஆளில்லை. ரொன் கிரான்மர் என்ற பெயர் தெரியாத வீரரிடம் ஆறு சுற்றுகளில் புள்ளிகளால் தோற்றார். அன்றிரவு அவருக்குக் கிடைத்த கூலி 1,050 டொலர்.

அதற்குப் பிறகு சரிவு வேகமாக வந்தது. ஐம்பது வயதை எட்டும்போது அவரது மூளை மிக முதிர்ந்த ஒரு மனிதரின் மூளையைப் போலிருப்பதாக நிபுணர்கள் கண்டார்கள். தாய் அர்வாண்டாவும் சகோதரர் ஜேம்சும் அவரைத் தங்களோடு வைத்துப் பார்த்தார்கள். முகம் மழிக்கவும் குளிக்கவும் சப்பாத்துப் போடவும் துணை வேண்டியிருந்தது. வெளியே போனால் வழி தவறிவிடும் என்பதால் தனியே விட முடியாது. வருமானம் என்று இருந்தது அரசின் இயலாமைக் கொடுப்பனவாக மாதம் வரும் சில நூறு டொலர் மட்டுமே. ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கைதட்டிய மனிதரின் கடைசி ஆண்டுகள் இரண்டு மூன்று பேரின் கைகளில் கழிந்தன.

தொழில்முறையாகக் குத்துச்சண்டைக்குப் போகாதவர் ஜேம்ஸ். அவர் ஜெரியின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, இப்படிப் பாதிக்கப்பட்ட வீரர்களுக்காகக் குரல் கொடுத்தார். 1998 டிசெம்பர் கடைசியில் ஜெரி நிமோனியாக் காய்ச்சலோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். 1999 ஜனவரி 3ஆம் திகதி இறந்தார். வயது 53. லாஸ் வேகாசில் அண்ணனுக்கு முன்னால் மேடையேறிய மைக்கும் அதே நோயால் 2006இல் 55 வயதில் இறந்தார்.

அமெரிக்கக் காங்கிரஸ் 1996இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மாநில ஆணைக்குழு ஒன்றின் மேற்பார்வை இல்லாமல் தொழில்முறைச் சண்டை நடத்தக்கூடாது, சண்டைக்கு முன் வைத்தியப் பரிசோதனை வேண்டும், ஒரு மாநிலம் தடைசெய்த வீரரை மற்ற மாநிலங்களும் தடுக்க வேண்டும் என்று அது சொன்னது. கொலராடோவில் திறந்திருந்த கதவு அதனால் மூடப்பட்டது. குவாரிக்கு அது நான்கு ஆண்டுகள் பிந்தி வந்தது.

இந்த வாழ்க்கையை எங்கள் வாசகர்களுக்காக எழுத நினைத்ததற்குக் காரணம் குத்துச்சண்டை மட்டும் இல்லை. தலையில் அடிபட்டவர்களோடு வாழும் குடும்பங்கள் எங்களிடையே உண்டு. கையோ காலோ இழந்தவரின் இழப்பு எல்லோருக்கும் தெரியும். தலைக்குள் காயப்பட்டவர் திடீரெனக் கோபப்படுவார், கேட்டதையே திரும்பக் கேட்பார், செய்த வேலையை நடுவில் மறந்துவிடுவார். பார்ப்பவர்கள் அதைக் குணம் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்வார்கள். சிலவேளை வீட்டுக்காரர்களும் அப்படியே எண்ணுவார்கள். குவாரி நன்றாகப் பேசிச் சிரித்த நாளில்கூட மூளையின் படம் வேறு கதை சொன்னது. அப்படியான மாற்றம் தெரிந்தால் அந்த மனிதரோடு வாதாடுவதை விட்டு, மூளை நரம்பியல் கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப் போவதுதான் முதலில் செய்ய வேண்டியது.

மற்றது, தாங்குவதைப் பற்றியது. தாங்கும் சக்தியைப் புகழ்ந்து பேசும் பழக்கம் எல்லாச் சமூகத்திலும் உண்டு. குவாரியைப் புகழ்ந்தவர்களும் அதைத்தான் புகழ்ந்தார்கள். எவ்வளவு அடித்தாலும் விழமாட்டார் என்றார்கள். 66 சண்டைகளில் 53 வெற்றி என்று அவரது ஏட்டில் இருக்கிறது. அர்வாண்டாவும் ஜேம்சும் அவருக்குச் சப்பாத்துப் போட்டுவிட்ட காலைகளுக்கு அந்த ஏட்டில் இடமில்லை.