ஆர்கன் மேடையில் லூயி பிரெயில்

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தைக் கண்டவர் லூயி பிரெயில் என்று பொது அறிவுப் பாடத்தில் நாம் படித்திருக்கிறோம். அவர் பாரிஸ் மாநகர ஆலயங்களில் ஆர்கன் வாசித்து வந்தவர் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். ஆர்கனை விட்டுவிட்டு அந்த எழுத்தின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், பாரிசுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கூரிய கருவியொன்று ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்பிடித்து மறு கண்ணையும் கெடுத்தது. ஐந்து வயதிற்குள் இரு கண்களும் இருண்டன. பங்குக் குருவானவர் பல்லூயி அடிகளார் அச்சிறுவனைத் தம்மிடம் அழைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த நல்ல குருவானவரின் பெயரை இன்னும் கொஞ்சம் பேர் அறிந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

1819-இல், பத்து வயதில், பாரிசிலிருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். முற்காலத்தில் புனித வின்சென்ட் தே பவுல் வாழ்ந்து பணியாற்றிய பழைய குருமடம் அது. ஈரம் ஊறிய சுவர்கள், நெருக்கடியான அறைகள். படிக்க இருந்தவையோ சாதாரண எழுத்துக்களைப் பெரிதாகப் புடைக்கச் செய்த கனத்த புத்தகங்கள். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தடவி முடிப்பதற்குள் சொல்லின் தொடக்கம் மறந்துவிடும். எழுதவோ வழியே இல்லை.

1821-இல் படைத்துறையைச் சேர்ந்த சார்ல் பார்பியே என்பவரின் புள்ளி முறை அப்பள்ளிக்கு அறிமுகமாயிற்று. அதில் பன்னிரண்டு புள்ளிகள். ஒரு விரல் நுனிக்குள் அடங்காதவை. ஒலிகளைக் குறித்ததேயன்றி எழுத்துக் கூட்டலைக் குறிக்கவில்லை. இசைக்கும் அதில் இடமில்லை. பிரெயில் அதை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். பதினைந்து வயதிலேயே முறை உருவாகிவிட்டது. 1829-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பைக் கவனியுங்கள்: சொற்களை எழுதும் முறை மட்டுமல்ல, இசையையும், ஆலயத்தில் பாடப்படும் லத்தீன் கீதங்களையும் எழுதும் முறை என்று தலைப்பிலேயே இருக்கிறது.

கீதங்கள் ஏன் தலைப்பிலேயே இடம்பெற்றன? அக்காலத்தில் பார்வையற்ற இளைஞன் பிச்சை எடுக்காமல் மானத்தோடு பிழைக்கக் கிடைத்த சில வழிகளுள் ஆலய ஆர்கனும் ஒன்று. பள்ளித் தலைவர் பிஞ்ஞியே தம் மாணவர்களுக்கு ஆர்கன் கற்பித்து, பங்குகளில் வேலையும் தேடிக் கொடுத்தார். பிரான்சு நாட்டுத் திருப்பலியில் பாடகர் குழு கீரியேயின் ஒரு பகுதியைப் பாடினால், அடுத்த பகுதியை ஆர்கன் வாசிக்கும். வாசிப்பவருக்கு அந்த இராகங்களெல்லாம் நினைவிலிருக்க வேண்டும். கேட்டுக் கேட்டே கற்றவர், மறந்த இடத்தை மறுபடி பார்த்துக்கொள்ள ஏடு இல்லாமல் தவிப்பார். புள்ளிகள் அந்த ஏட்டைக் கொடுத்தன. இசையை எழுதும்போது மேல் நான்கு புள்ளிகள் சுரத்தையும், கீழ் இரண்டு புள்ளிகள் அதன் கால அளவையும் குறிக்கும். ஒரு கையால் தடவி, மறு கையால் வாசித்துப் பார்த்து, பிறகு கைகளை மாற்றி, இறுதியில் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான்.

குழல் ஆர்கன் நம் சிற்றாலயத்து ஆர்மோனியத்தைப் போன்றதல்ல. (அந்த ஆர்மோனியத்திற்கும் 1842-இல் பாரிசிலேதான் காப்புரிமை வாங்கப்பட்டது.) மரத்தாலும் உலோகத்தாலும் ஆன நூற்றுக்கணக்கான குழல்கள், கைகளுக்குப் பல அடுக்குக் கட்டைகள், கால்களுக்குத் தனிக் கட்டைகள். அந்நாளில் துருத்தியை மிதிக்கவோ அழுத்தவோ வேறு ஆட்கள் வேண்டும். பெரும்பாலும் ஆலயத் தலைவாசலுக்கு மேலே, பீடத்திற்கு எதிர்க்கோடியில் அமைந்திருக்கும். பார்வையுள்ளவர்களே கண்ணாடி வைத்துத்தான் பீடத்தைப் பார்ப்பார்கள். காதே கண்ணாகிய ஒருவருக்கு அங்கே பெரிய குறையில்லை என்பது நம் எண்ணம். பிரெயில் 1834 முதல் 1839 வரை புனித நிக்கோலா தே ஷான் ஆலயத்திலும், பின்னர் புனித வின்சென்ட் தே பவுல் ஆலயத்திலும் ஆர்கன் வாசித்தார்.

பள்ளியிலும் அவரே ஆசிரியர். ஆயினும் 1840-இல் பொறுப்பேற்ற புதிய தலைவர் டுஃபோ, பார்வையுள்ளோர் படிக்க இயலாத எழுத்து மாணவர்களைப் பிரித்துவிடும் என்று கருதிப் புள்ளி முறையை விலக்கினார். மாணவர்கள் விடவில்லை, மறைவாக எழுதினார்கள். உதவித் தலைவர் குவாதேயின் முயற்சியால் 1844-இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அம்முறை எல்லோர் முன்பும் செய்து காட்டப்பட்டது. அதற்குள் காசநோய் பிரெயிலை உருக்கிக்கொண்டிருந்தது.

1852 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, 43-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். திறவாமல் எரிக்கும்படி ஒரு பெட்டியை விட்டுச் சென்றிருந்தார். ஆவல் தாங்காமல் திறந்தவர்கள், அவரிடம் கடன் வாங்கியவர்களின் சீட்டுகளையே கண்டனர். பிறகு அவற்றை எரித்தனர். 1854-இல் பிரான்சு அரசு அவர் எழுத்தை ஏற்றது. நம் நாட்டு மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951-இல் வந்தது. 1952-இல் அவர் உடல் பாரிசின் பாந்தியோன் மண்டபத்தில் வைக்கப்பட்டது. கைகள் மட்டும் கூவ்ரே கல்லறையில் உள்ளன.

அதே பள்ளியில் பயின்ற லூயி வியேர்ன் 1900-இல் நோத்ர்தாம் பேராலய ஆர்கன் பொறுப்பை ஏற்று, 1937-இல் அந்த ஆர்கன் முன்பே உயிர் நீத்தார். அங்கே பயின்ற இன்னொருவர் ழான் லாங்லே. இரண்டு வயதிலேயே பார்வை இழந்த அவர், புனித குளோத்தில்து ஆலயத்தில் 1945 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாசித்தார். புள்ளிகளைத் தடவித்தான் அவரும் பாடம் கற்றார்.